கறுப்பு டெலிபோனின் வயது

நானாட்டான் பக்கம் யார் வீட்டுப் பெட்டகத்திலாவது கனத்த கறுப்பு டெலிபோன் ஒன்று கிடந்தால், தூசு தட்டிக் கவிழ்த்துப் பாருங்கள். பிறந்த ஆண்டு பெரும்பாலும் அடியில்தான் இருக்கும். பிரித்தானியத் தயாரிப்புகளில் '56/1' போல ஓர் எண் குத்தியிருப்பார்கள். சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பதே ஆண்டு: 1956.

அடி தேய்ந்து போயிருந்தால் மாதிரி எண் கைகொடுக்கும். 332 என்றால் 1937க்கு முந்தியதல்ல. 706 என்றால் 1959க்கு முந்தியதல்ல. ரிசீவர் வயரையும் தொட்டுப் பாருங்கள். நூல் பின்னிய வயர் பழையது, சுருள் பிளாஸ்டிக் வயர் பிந்தியது. ஆனால் வயரை மட்டும் நம்பிவிடாதீர்கள், அது அடிக்கடி மாற்றப்படும் சாமான்.

திருத்த வேலைக்குப் போய் வந்த டெலிபோன்தான் ஆளை ஏய்க்கும். ஒன்றின் உடம்பு, இன்னொன்றின் டயல், மூன்றாவதின் ரிசீவர். மூடியைக் கழற்றி, டயலின் முதுகிலும் மின்தேக்கியிலும் உள்ள திகதிகளைப் பாருங்கள். இவையும் அடியில் உள்ள எண்ணும் ஒரே ஆண்டைச் சொன்னால் அது அப்படியே பிறந்தது. இல்லையென்றால், ஆகப் பிந்திய திகதிக்குப் பிறகுதான் அது இந்த உருவத்துக்கு வந்திருக்கிறது.

கழற்றும்போது கவனம்: பேக்லைட் உடம்பு கீழே விழுந்தால் மண்சட்டி மாதிரி உடையும்.