தோலுக்கும் எண்ணெய்ப் பசை வேண்டும்



பாத்திரம் தேய்க்கிற கை, துணி துவைக்கிற கை, சிமெண்டு கலக்கிற கை. இந்தக் கைகளில் தோல் வறண்டிருக்கும். சிலருக்கு வெடிக்கும். அரிக்கும். சொறிந்தால் நீர் வடியும். இதுதான் கரப்பான். டாக்டர்கள் எக்ஸிமா என்பார்கள்.

வீட்டு வேலை செய்யும் பெண்ணின் கையைப் பார்த்து, "ஒட்டிக்கொள்ளும், நாளையிலிருந்து வராதே" என்று சொல்லும் வீடுகள் உண்டு. இது அநியாயம். கரப்பான் ஒட்டாது. ஒட்டுவது சொறி சிரங்கு. அது விரல் இடுக்கில் வரும். இரவில் அதிகம் அரிக்கும். வீட்டில் பலருக்கும் பரவும். எது என்று தெரியாவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள்.

தோல் ஒரு செங்கல் சுவர் மாதிரி. செங்கல்லுக்கு நடுவே சாந்து இருக்கும் அல்லவா? தோலில் அந்தச் சாந்து, கொழுப்புதான். சோப்பும் சலவைத்தூளும் அதைக் கழுவிவிடும். அப்புறம் உள்ளே இருக்கிற ஈரம் வெளியே போகும். வெளியே இருக்கிற சோப்பு உள்ளே போகும். போன சாந்தை மறுபடி பூச வேண்டும். வழி அவ்வளவுதான்.

எதைப் பூசுவது? வாசனை இல்லாத வாசலின் போதும். தேங்காய் எண்ணெயும் நல்லது. விலை கூடிய டப்பா வேண்டாம். வட மாநிலங்களில் குளிர்காலத்தில் கடுகு எண்ணெய் தேய்ப்பார்கள். வெடித்த தோலுக்கு அது ஆகாது. எரியும்.

எப்போது பூசுவது? இதில்தான் பலர் தவறுகிறார்கள். தோல் நன்றாகக் காய்ந்த பிறகு பூசினால் பலன் குறைவு. வெதுவெதுப்பான தண்ணீரில் சீக்கிரம் குளியுங்கள். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். ஈரம் லேசாக இருக்கும்போதே பூசுங்கள். பாத்திரம் தேய்த்து முடித்ததும் பூசுங்கள். இரவில் தாராளமாகப் பூசி, பழைய பருத்தித் துணியைச் சுற்றிக்கொண்டு படுங்கள். அரிப்பு நின்ற பிறகும் விடாதீர்கள்.

சிமெண்டு வேலைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. சிமெண்டில் உள்ள குரோமியம் சிலருக்கு ஒவ்வாது. அவர்களுக்கு வாசலின் மட்டும் போதாது. கையுறையும் பூட்சும் காண்ட்ராக்டர் கொடுக்க வேண்டியவை. கேட்டு வாங்குங்கள்.

மருந்துக் கடையில், "அரிப்புக்கு ஒரு டியூப் கொடுங்கள்" என்று கேட்கிறார்கள். பல டியூப்களில் ஸ்டீராய்டு இருக்கும். டாக்டர் சொன்ன நாள்வரை பூசினால் அது நல்ல மருந்து. இஷ்டத்துக்கு மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்துவிடும். 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இல் மத்திய அரசு ஆணையிட்டது. கடைக்காரர் சும்மா நீட்டினாலும் வாங்காதீர்கள்.

வெடிப்பில் சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ வாசலினை நம்பி இருக்க வேண்டாம். அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.