பிள்ளையின் குறைக்குத் தாய்மேல் பழி வேண்டாம்
(தோட்ட மகளிர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வழக்கமாக இங்கே சம்பளம், கொழுந்து நிறை பற்றித்தான் பேசுவோம். இன்று வேறொரு விடயம். மண்டையோடு மூடாமல், அல்லது முதுகில் திறந்த புண் போலப் பிளவுடன் பிள்ளை பிறந்து, துக்கம் கண்ட வீடுகள் நமது லயங்களிலும் உண்டு. அந்த வீடுகளுக்குப் போனபோது நாங்கள் கேட்டதெல்லாம் தாயின்மேல் பழிதான். கிரகணத்தில் காய் வெட்டினாளாம், மாசமாக இருக்கும்போது மலையேறிக் கொழுந்து பறித்தாளாம். இரண்டுமே காரணமில்லை.

நடப்பது இதுதான். கரு உண்டாகி 28 நாட்களுக்குள் அதன் முதுகுப் பக்கம் சுருண்டு ஒரு குழாயாக மூடுகிறது. மூளையும் முண்ணாணும் அதிலிருந்தே உருவாகின்றன. அது மூடாமல் விட்டால் வருவதே நரம்புக் குழாய்க் குறைபாடு. 28 நாள் என்றால், தீட்டு தள்ளிப்போய் இரண்டு வாரம்தான். தாய்க்கே அப்போது சரியாகத் தெரியாது. கிளினிக்கில் பெயர் பதியும்போது குழாய் மூடும் காலம் முடிந்துவிடும்.

ஏன் மூடாமல் போகிறது? பல காரணங்கள் உண்டு. இரண்டை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும்.

ஒன்று, போலிக் அமிலக் குறைவு. 1931 இல் லூசி வில்ஸ் என்ற பெண் மருத்துவர், பம்பாயில் கர்ப்பிணிகளுக்கு வந்த இரத்தசோகையை ஆராய்ந்தார். பஞ்சாலைகளில் உழைத்த ஏழைப் பெண்களே அதில் அதிகம் வாடினார்கள். அவர்களைக் குணமாக்கிய சத்துத்தான் பிறகு போலிக் அமிலம் எனப்பட்டது. 1991 இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, முன்பு இப்படிப் பிள்ளையை இழந்த தாய்மார் கருத்தரிக்கும் முன்பே இந்த மாத்திரையைக் குடித்தால், மீண்டும் அப்படி நேர்வது 100க்கு 72 பங்கு குறைகிறது என்று காட்டியது. கருத்தரிக்க ஒரு மாதம் முன்பிருந்து 12 வாரம் வரை தினமும் 400 மைக்ரோகிராம் வேண்டும். முன்பு பிள்ளையை இழந்தவர்களுக்கு அளவு கூட. அதை டொக்டர்தான் சொல்ல வேண்டும். கீரையும் பருப்பும் நல்லதுதான், ஆனால் மாத்திரைக்கு ஈடாகாது.

இரண்டாவது, நிறமூர்த்தக் கோளாறு. நமது கலங்களில் 46 நிறமூர்த்தங்கள் உண்டு, தாயிடமிருந்து 23, தகப்பனிடமிருந்து 23. குழாய் மூடாத சில பிள்ளைகளிடம் 18ஆவதோ 13ஆவதோ ஒன்று கூடுதலாக இருக்கும். சிலரிடம் முழுத் தொகுதியே கூடி 69 இருக்கும். அப்படியான பிள்ளைக்கு இருதயம், சிறுநீரகம், கைகால்களிலும் குறை இருப்பது வழக்கம். இது பெரும்பாலும் தற்செயலாக நடப்பது. போலிக் அமிலம் இதைத் தடுக்காது. ஆகவே மாத்திரையை ஒழுங்காகக் குடித்த தாய்க்கும் இது நேரலாம். “நீ குடிக்காமல் விட்டாய்” என்று யாரும் வாய் திறக்க வேண்டாம்.

காரணம் எது என்று தெரிந்தால்தான் அடுத்த பிள்ளைக்குச் சரியான வழி சொல்ல முடியும். சில வேளை பெற்றோர் இருவரின் இரத்தத்தையும் பார்க்கச் சொல்வார்கள். அரிதாக, நிறமூர்த்த மாற்றம் தாயிடமும் இருக்கலாம், தகப்பனிடமும் இருக்கலாம். தம்பிமார்களே, நீங்களும் கூடப் போக வேண்டும்.

இனி நாம் செய்ய வேண்டியவை:

கலியாணம் முடிந்த உடனேயே மிட்வைஃப் மிஸ்ஸிடம் போலிக் அமிலம் கேளுங்கள். அடுத்த பிள்ளைக்கு நினைப்பவர்களும் கேளுங்கள்.

வலிப்புக்கு மருந்து குடிப்பவர்களும் சீனி வருத்தம் உள்ளவர்களும் கருத்தரிக்கும் முன்பே டொக்டரைப் பாருங்கள். மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பிள்ளையை இழந்தால், என்ன குறை என்று டயக்னோசிஸ் கார்ட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். நிறமூர்த்தப் பரிசோதனை செய்ய முடியுமா என்றும் கேளுங்கள். அந்தக் கார்ட்டைப் பத்திரமாக வையுங்கள்.

கிளினிக் போனால் அன்றைய பேர் போய்விடும் என்று எத்தனை பேர் போகாமல் இருக்கிறோம்! கிளினிக் நாளுக்கும் பேர் போட வேண்டும். இதை நமது கோரிக்கைகளில் ஒன்றாக வைத்துத் துரைமாரிடம் பேசுவோம்.

பிள்ளையை இழந்த தாய் நம் லயத்தில் இருந்தால் இன்றைக்கே போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். “உன்மேல் பிழையில்லை” என்று சொல்லுங்கள். அதுவும் தொழிற்சங்க வேலைதான்.