கிரிக் காட்டு வழியே கிழக்குக் கரைக்கு



ஜார்ஜ் டவுன் படகுத்துறையில் நின்று கிழக்கே பார்த்தால் பிறைக் கரையும், அதற்கப்பால் புக்கிட் மெர்தாஜாம் குன்றும் தெரியும். பினாங்கில் பிறந்து வளர்ந்த நம்மில் பலருக்கு அந்தக் குன்றோடு உலகம் முடிந்துவிடுகிறது. அதற்கும் பின்னால் கெடாவின் பால்மரத் தோட்டங்கள், பிறகு ஒரு பெருங்காடு, காட்டைத் தாண்டினால் தென்சீனக் கடல். அந்தக் காட்டையும் கடலையும் ஒருமுறையாவது பிள்ளைகளுக்குக் காட்டிவிட வேண்டும் என்று நாங்கள் பல ஆண்டுகளாகப் பேசிக்கொண்டிருந்தோம். ஒருவழியாக, பள்ளி விடுமுறையில் இரண்டு குடும்பத்தார் எட்டுப் பேர் ஒரு வேனை வாடகைக்கு எடுத்துப் புறப்பட்டோம்.

வட அமெரிக்காவில், கனடா, அலாஸ்கா போன்ற குளிர்நாட்டுப் பகுதிகளில், கட்டிலும் அடுப்பும் வைத்த வண்டி வீட்டையே ஓட்டிக்கொண்டு கோடைக்காலம் முழுவதும் ஊர் சுற்றுவார்களாம். எங்கள் வேன் அதற்கு ஏழைச் சொந்தக்காரன். பாய் நான்கு, சிறு எரிவாயு அடுப்பு ஒன்று, அரிசி, கருவாடு, எலுமிச்சை ஊறுகாய், பெரிய தண்ணீர்ப் புட்டிகள். விடுதி வாடகை இல்லாததால் தோட்டத்துச் சம்பளத்திற்குள் அடங்கிய பயணம் அது.

பாலத்தைக் கடந்து கூலிம் வழியாகப் பாலிங் சென்றோம். 1955 டிசம்பர் 28, 29 ஆகிய இரு நாட்களில் துங்கு அப்துல் ரஹ்மானும் கம்யூனிஸ்ட் தலைவர் சின் பெங்கும் ஒரு பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து பேசிய ஊர் அது. பேச்சு முறிந்தது, சின் பெங் காட்டுக்குத் திரும்பினார். அந்தக் கதைக்கும் நாங்கள் போகவிருந்த சாலைக்கும் தொடர்பு உண்டு என்பது கிரிக் போய்ச் சேர்ந்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது.

வழியில் இரண்டு முறை டயர் காற்றிறங்கியதால் கிரிக் சேரும்போது மாலை ஐந்து மணி. ஒரு சாப்பாட்டுக் கடையில் தேநீர் குடித்துவிட்டு, இரவோடு இரவாக ஜெலி போய்விடலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம். பக்கத்து மேசையில் இருந்த தமிழ்ப் பெரியவர் ஒருவர் எழுந்து வந்தார்.

“எங்கேருந்து வர்றீங்க தம்பி? பிள்ளைங்கள வச்சுக்கிட்டு இந்த நேரத்துல மேல ஏறாதீங்க. பகல் நமக்கு. ராத்திரி அதுங்களுக்கு.”

“எதுங்களுக்குங்க ஐயா?”

“யானைக்குத்தான்!”

அவர் இளவயதில் அந்தச் சாலை போடும் வேலையில் லோரி ஓட்டியவர். அன்றிரவு கிரிக்கிலேயே வேனை நிறுத்திப் படுத்தோம். பெரியவர் பத்து மணிவரை பேசிக்கொண்டிருந்தார்.

கிரிக்கிலிருந்து ஜெலிவரை ஏறத்தாழ 120 கிலோமீட்டர். இந்தச் சாலை இல்லாத காலத்தில் பினாங்கிலிருந்து கோத்தா பாரு போக வேண்டுமானால், தெற்கே கோலாலம்பூர் இறங்கி, குவாந்தான் போய், மறுபடி வடக்கே ஏற வேண்டும். ரயிலென்றால் கெமாஸ்வரை போய், அங்கிருந்து தும்பாட் ரயிலைப் பிடிக்க வேண்டும். 1970-இல் தொடங்கிய சாலைப்பணி 1982-இல்தான் முடிந்தது. மலையும் மழையும் ஒரு காரணம். காட்டிலிருந்த கம்யூனிஸ்ட் ஆயுதப் படை இன்னொரு காரணம். 1974-இல் அவர்கள் சாலைப்பணி இயந்திரங்களைத் தாக்கித் தகர்த்தார்கள். “முன்னால பட்டாளம், பின்னால பட்டாளம், நடுவுல நாங்க” என்றார் பெரியவர். சாலை திறந்த பிறகும் சில ஆண்டுகள் இரவில் போக விடவில்லை. 1989 டிசம்பர் 2-ஆம் தேதி ஹாட்யாயில் அமைதி உடன்பாடு கையெழுத்தான பின்னரே அந்த அச்சம் நீங்கியது.

மறுநாள் காலை, தொட்டி நிறையப் பெட்ரோல் போட்டுக்கொண்டு ஏறினோம். கிரிக்கிலேயே நிரப்பிக்கொள்வது நல்லது. வழியில் பல இடங்களில் கைப்பேசியும் எடுக்காது. ஒரு மணி நேரத்திற்குள் தெமெங்கோர் ஏரி வந்தது. அணை கட்டியபோது பள்ளத்தாக்கில் நீர் ஏறி உண்டான ஏரி இது. தீபகற்பத்தில் கெனிர் ஏரிக்கு அடுத்துப் பெரியது. குன்றுகளின் உச்சிகள் தீவுகளாக நிற்கின்றன. மூழ்கிப் பட்டுப்போன மரங்கள் சில இன்னும் தண்ணீருக்கு மேல் கையை நீட்டிக்கொண்டிருக்கின்றன. அங்கே வாழ்ந்த ஜஹாய், தெமியார் பழங்குடி மக்கள் வேறிடங்களில் குடியமர்த்தப்பட்டார்கள். லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னால் வயிறு எப்படிக் கலங்கும் என்பது நம் மக்களுக்குத் தெரியாததா என்ன?

ஏரிக்கு வடக்கே இருப்பது பெலும் காடு. 2007-இல் அது ராயல் பெலும் மாநிலப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. புலி உண்டு, ரஃப்லேசியா என்னும் பெரும்பூ உண்டு, மலேசியாவின் இருவாய்ச்சிப் பறவை வகைகள் பத்தும் உண்டு. தெற்கே தெமெங்கோர் காடு. இரண்டுக்கும் நடுவே கோடு கிழித்ததுபோல் இந்தச் சாலை போகிறது.

யானை ஏன் சாலைக்கு வருகிறது? அடர்ந்த காட்டுக்குள் வெயில் விழாது, புல் குறைவு. சாலையோரத்தில் மரம் வெட்டிய வெளியில் புல்லும் இளமூங்கிலும் தழைத்து நிற்கும். செம்பனைக் கன்றை நட்டுவிட்டு விடிந்ததும் குருத்தைக் காணாமல் தவித்தவர்களுக்கு யானையின் நாக்கைப் பற்றி நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. ஆய்வாளர்கள் யானைகளின் கழுத்தில் கருவி கட்டி, இந்தச் சாலையையும் கெனிர் பக்கத்துச் சாலை ஒன்றையும் கவனித்தார்கள். சாலை குறுக்கே இருப்பதால் யானைகள் கடந்து போவது ஏறத்தாழ 80 விழுக்காடு குறைந்திருந்தது. கடந்தவையும் பத்துக்கு எட்டு முறை இரவில்தான் கடந்தன. பெரியவர் சொன்னதும் அதுவே.

2025 மே 11-ஆம் தேதி, விடியுமுன், இந்தச் சாலையில் கோழி ஏற்றிவந்த லோரி ஒன்று ஒரு குட்டியானையை மோதிக் கொன்றது. குட்டி லோரிக்கு அடியில் சிக்கிக்கொண்டது. தாய் யானை தலையை லோரியின் மேல் முட்டுக்கொடுத்துத் தள்ளியபடி மணிக்கணக்காக அங்கேயே நின்றது. வனவிலங்குத் துறையினர் மயக்க ஊசி செலுத்தித்தான் அதை அப்புறப்படுத்த முடிந்தது. அன்று அன்னையர் தினம். ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஜூன் 9-ஆம் தேதி நள்ளிரவுக்குப் பின், இதே சாலையில் பேருந்து கவிழ்ந்து பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் மாண்டார்கள். வளைவும் இறக்கமும் மூடுபனியும் உள்ள சாலை. ஒரு நாள் விடுமுறை மிச்சமாகும் என்று இரவில் ஏறவிருந்தோமே என்று நினைத்தபோது, வேனில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

யானை எதிரே நின்றால் தொலைவிலேயே நிறுத்துங்கள். ஹார்ன் அடிக்காதீர்கள், பெரிய விளக்கைப் பாய்ச்சாதீர்கள், படம் எடுக்க இறங்கவே இறங்காதீர்கள். அது போகும்வரை காத்திருப்பதைத் தவிர நமக்கு அங்கே வேறு வேலை இல்லை.

ஜெலி இறங்கி, கிளந்தான் சமவெளியைக் கடந்து, மாலையில் கோத்தா பாரு கடற்கரையில் வேனை நிறுத்தினோம். பிள்ளைகள் அலையைப் பார்த்து, “நம்ம பினாங்குக் கடல் சும்மா தூங்குதுப்பா” என்றார்கள். உண்மைதான், மலாக்கா நீரிணைக்குச் சுமாத்ரா மறைப்பு, இங்கே மறைப்பு ஏதும் இல்லை. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை கொட்டும். கிழக்குக் கரைக்குப் போக ஆண்டின் நடுப்பகுதியே ஏற்றது. தமிழ்க் குரல் அந்தப் பக்கம் அரிது. கிளந்தானில் இருப்பதே ஒரு தமிழ்ப்பள்ளிதான், பாசிர் காஜா தோட்டத்தில். திரங்கானுவில் ஒன்றுகூட இல்லை.

கரையோரமாகவே மூன்று நாள் தெற்கே இறங்கினோம். காலையில் மீனவர்களிடம் மீன் வாங்கிக் குழம்பு. இரவு தென்னைக்கு அடியில் பாய். கோலத் திரங்கானுவுக்குத் தெற்கே ரந்தாவ் அபாங் என்ற ஊர். பெலிம்பிங் பழம்போல முதுகில் வரிகள் உள்ள பெரிய ஆமை முட்டையிடும் இடமாக உலகப் புகழ் பெற்றது. 1950-களில் ஆண்டுக்குப் பத்தாயிரம் கூடுகள் அங்கே இருந்தனவாம். முட்டைகளைத் தோண்டி விற்றார்கள். வலையில் சிக்கியவை கடலிலேயே செத்தன. முட்டையிடும் ஆமையின் மேல் ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. இப்போது அந்த ஆமை அங்கே வருவதே இல்லை என்று சொல்லிவிடலாம். நாங்கள் பார்த்தது வெறும் மணல். “எப்பப்பா வரும்?” என்று கடைக்குட்டி கேட்டான். பதில் சொல்லத் தெரியாமல் அவனுக்கு ஐஸ் வாங்கிக் கொடுத்தோம்.

திரும்பும்போது ஜெலியில் இரவு தங்கி, வெளிச்சம் நன்றாக வந்த பிறகே மலை ஏறினோம். ஓரிடத்தில் சாலை நடுவே யானை லத்தி, இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது. வேனை நிறுத்திக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காத்திருந்தோம். கீழே மூங்கில் முறியும் ஓசை இரண்டு முறை கேட்டது. கால் மணி நேரம் கழித்து மெதுவாக நகர்ந்தோம். பகல் உணவுக்குக் கிரிக் வந்து, அதே கடைக்குப் போனோம். பெரியவரைக் காணோம், பேத்தி வீட்டுக்குப் போயிருக்கிறார் என்றார்கள்.