மயங்கிய ஆமையைக் கடலில் தள்ளாதீங்க
(தருமபுரம் மகளிர் கூட்டத்தில் பேசியது)

தை பிறந்தா பங்குனி ஆமை முட்டையிட நம்ம காரைக்கால் கரைக்கு வரும். 2025 சனவரியில் சென்னைப் பக்கம் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின. வலையில் மாட்டினா மேலே வந்து மூச்சு விட முடியாது; அதுக்கும் நுரையீரல்தான்.

மயங்கிக் கிடப்பதைப் பாவம்னு பலரும் கடலில் தள்ளுறாங்க. மயக்கத்திலேயே மூழ்கிடும். வயிறு தரையில் படும்படி வைத்து, பின்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி, நிழலில் ஈரச்சாக்கு போர்த்துங்க. மூக்கை மூடாதீங்க, வாயில் தண்ணீர் ஊத்தாதீங்க. தெளிய பல மணி நேரம் ஆகும். நாய் விரட்ட ஒருத்தர் நிக்கட்டும், இன்னொருத்தர் வனத்துறைக்குச் சொல்லட்டும். வீட்டுக்குத் தூக்கிட்டுப் போனா 1972ஆம் ஆண்டு சட்டப்படி குற்றம், முட்டை எடுப்பதும்தான்.

வனத்துறை போன் நம்பரை இந்த மாசமே தீர்மான நோட்டில் எழுதி வைப்போம்.