ஆடு திருடு போனால் கோர்ட்டில் என்ன நடக்கும்?

வேடசந்தூர், வடமதுரைப் பக்கம் பட்டியில் ஆடு காணாமல் போனால், வியாழக்கிழமை விடியுமுன் அய்யலூர் சந்தைக்கு ஓடிப் பார்ப்பவர்கள் உண்டு. ஆடு கிடைத்தது, திருடியவரும் பிடிபட்டார் என்று வைத்துக்கொள்வோம். அதற்கப்புறம் வழக்கு எப்படி முடியும்?

2024 ஜூலை 1 முதல் இ.பி.கோ.வுக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா. திருட்டுக்கான பழைய 379-ஆம் பிரிவு இப்போது 303 ஆகிவிட்டது. சாதாரணத் திருட்டுக்கு அதிகபட்சம் 3 ஆண்டு. வீட்டுக்குள் நடந்த திருட்டென்றால் பிரிவு 305, 7 ஆண்டு வரை போகும். விசாரிப்பது நம் ஊர் நடுவர் நீதிமன்றம்தான். பொருளின் மதிப்பு 20,000 ரூபாய்க்குள் இருந்தால் சுருக்க விசாரணை. அதில் மூன்று மாதத்துக்கு மேல் சிறை கிடையாது. 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருள், முதல் தடவை, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்தாயிற்று என்றால் தண்டனை சமுதாய சேவை. பசிக்குத் திருடிய பையனைப் பழகிய குற்றவாளிகளோடு அடைக்காமல் இருப்பது நல்லது என்றே நான் நினைக்கிறேன்.

குற்றத்தை ஒப்புக்கொண்டு, ரிமாண்டில் இருந்த நாட்களையே தண்டனையாகக் கழித்துக்கொண்டு வெளியே வருபவர்கள் பலர். 303-இல் பொருளின் சொந்தக்காரர் ராஜியாகப் போகவும் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அது கோர்ட்டில், உங்கள் முழு மனதோடு நடக்க வேண்டும். ஊர்ப் பெரியவர்களோ மற்றவர்களோ நெருக்கி, எழுதாத தாளில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள்.

வழக்கு விசாரணைக்குப் போனால், தோற்பது பெரும்பாலும் சாட்சியில்தான். ஆட்டைக் கைப்பற்றியபோது மகஜரில் கையெழுத்துப் போட்ட இரண்டு பேர், கூண்டில் ஏறியதும் "எனக்கு எதுவும் தெரியாதுங்க, போலீஸ் சொன்னாங்க, போட்டேன்" என்பார்கள். அரசு வழக்கறிஞர் அவர்களைப் பிறழ் சாட்சி என்று அறிவிப்பார். அடுத்து ஆட்டுக்காரரிடம் கேள்வி: "இது உங்கள் ஆடுதான் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" எல்லாக் கறுப்பு ஆடும் ஒரே மாதிரிதானே என்று எதிர்த்தரப்பு மடக்கும். காதில் போட்ட வெட்டு, கொம்பின் வளைவு, நெற்றி வெள்ளை இவற்றைப் புகாரிலேயே எழுதியிருந்தால் அந்தக் கேள்விக்குப் பதில் கையில் இருக்கும்.

தீர்ப்பு வரும்வரை ஆட்டை ஸ்டேஷனில் கட்டிவைக்கத் தேவையில்லை. பொருட்களைக் காவல் நிலையத்தில் மக்கவிடாமல், போட்டோ எடுத்து உரியவரிடம் விரைவில் ஒப்படைக்க வேண்டும் என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லிவிட்டது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 497-ஆம் பிரிவு கெடுவும் வைக்கிறது: பொருள் கோர்ட்டுக்கு வந்த 14 நாளில் விவரப் பட்டியல், போட்டோ அல்லது வீடியோ, அதன்பின் 30 நாளில் உத்தரவு. பைக்குக்கும் நகைக்கும் இதே வழிதான். மனுப் போடாமல் வருஷக்கணக்கில் காத்திருப்பவர்களை நினைத்தால் மனம் பொறுக்கவில்லை.

புகார் கொடுத்தவருக்கு எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள். குற்றம் சாட்டப்பட்டவர் ஏழையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு செலவில்லாமல் வக்கீல் வைத்துத் தரும். தொலைபேசி எண் 15100. சம்மன் வந்தால் ஒருநாள் கூலி போனாலும் பரவாயில்லை, போய்ப் பார்த்ததைப் பார்த்தபடி சொல்லிவிட்டு வாருங்கள்.