காய்ச்சல் போன பிறகும் காவல் வேண்டும்

(எமது சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

நான் டொக்டர் இல்லை. ஏ.எல். வரை படித்துவிட்டு இங்கே தொழிற்சாலையில் வேலை செய்பவன். ஆனால் மலேரியாவைப் பற்றிப் பேச எனக்கும் கொஞ்சம் உரிமை உண்டு. சின்ன வயதில், வன்னியில் இடம்பெயர்ந்திருந்த காலத்தில், மூன்று முறை அந்தக் காய்ச்சலில் நடுங்கியவன் நான்.

அப்போது ஒரு அண்ணை சைக்கிளில் வருவார். கொட்டில் கொட்டிலாகப் போய், விரலில் குத்தி, கண்ணாடித் துண்டில் இரத்தம் எடுப்பார். "காய்ச்சல் விட்டாலும் குளிசையை நிப்பாட்டாதையுங்கோ" என்று அம்மாவுக்கு ஒவ்வொரு முறையும் சொல்லுவார். மருந்தடிக்கிற ஆக்கள் வந்தால் சட்டி பானை எல்லாம் முற்றத்துக்கு வந்துவிடும். மணம் தாங்க ஏலாது. அந்த மணம் போகட்டும் என்று சுவரைத் திரும்ப மெழுகினவர்களும் உண்டு. மருந்து சுவரில் இருந்தால்தான் அதில் வந்து குந்துகிற நுளம்பு சாகும் என்பது எங்களுக்குப் பிறகுதான் விளங்கியது.

இந்த நோய் இலங்கையில் செய்த அழிவு சின்னதல்ல. 1934-35இல் மழை பொய்த்து, ஆறுகள் ஓட்டம் நின்று குட்டை குட்டையாகத் தேங்கின. அவற்றில் நுளம்பு பெருகியது. ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். பின்பு டி.டி.ரி. மருந்து வந்தது. 1963இல் நாடு முழுவதிலும் கண்டுபிடிக்கப்பட்ட நோயாளர் 17 பேர் மட்டுமே.

அங்கேதான் பிழை விட்டார்கள். நோய் போய்விட்டது என்று மருந்தடிப்பை நிறுத்தினார்கள். இரத்தப் பரிசோதனை தளர்ந்தது. 1969ஆம் ஆண்டில் மட்டும் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் படுக்கையில் விழுந்தார்கள். திரும்ப மருந்தடிக்கப் போனபோது, அந்த மருந்துக்குச் சாகாத நுளம்புகளும் வந்துவிட்டன.

இரண்டாம் முறை வெற்றி கிடைத்தது யுத்தத்துக்குள்ளே என்பதுதான் அதிசயம். 1999இல் இரண்டரை இலட்சத்துக்கு மேல் இருந்த நோயாளர் தொகை பிறகு வெகுவாக இறங்கியது. 2016க்கு முன் உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளர் கண்டுபிடிக்கப்பட்டது 2012 ஒக்டோபரில். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. அந்தச் சான்றிதழில் சைக்கிள் அண்ணையின் பெயர் இல்லை. ஆனால் அது அவரைப் போன்றவர்களின் உழைப்பு.

"நோய்தான் இல்லையே, இனி ஏன் விரலில் குத்துகினம்?" என்று ஊரிலிருந்து ரெலிபோனில் கேட்கிறார்கள். நான் வேலை செய்யிற இடத்தில் இவ்வளவு காலமும் தீப்பிடிக்கவில்லை. அதற்காகத் தீயணைக்கும் கருவியை யாரும் கழற்றி விற்கவில்லை. மன்னாரில் 2016 கடைசியில் ஒரு புதிய மலேரியா நுளம்பைக் கண்டுபிடித்தார்கள். அது கிணற்றிலும் தண்ணீர்த் தொட்டியிலும் பெருகுவது. எங்கட ஊரில் கிணறு இல்லாத வளவு உண்டோ? நோய் இல்லாத நேரத்திலும் ஒருவர் கிணறு கிணறாக எட்டிப் பார்த்தபடியால்தான் அது தெரிய வந்தது.

நுளம்பு இருக்கிறது. நோய்க்கிருமி வெளியிலிருந்து ஆட்களின் இரத்தத்தில்தான் வரவேண்டும். இங்கேதான் எங்கட பங்கு வருகிறது. 2012 அளவில், ஏஜென்சிக்காரரால் மேற்கு ஆபிரிக்காவில் கைவிடப்பட்ட எங்கட பொடியள் பலர் திரும்பி வந்தார்கள். விமான நிலையத்தில் அவர்களுடைய இரத்தத்தைச் சோதித்தார்கள். சிலருக்கு மலேரியா இருந்தது. அப்படி வந்த எனது உறவுக்காரத் தம்பி ஒருவன் சொன்னான்: "அண்ணை, எனக்குக் காய்ச்சலைவிடப் பெயர் விலாசம் சொல்லத்தான் பயம்." அந்தப் பயம் இங்கே இருக்கிற எல்லோருக்கும் தெரியும். விசாரணை என்றாலே எங்கட கை நடுங்கும்.

ஆனால் நோயைத் தேடி வருகிறவர் எங்களைத் தேடி வருகிறவர் அல்ல. எங்கே போனாய், யாரோடு இருந்தாய் என்று அவர் கேட்பது அடுத்த பிள்ளைக்குத் தொற்றாமல் இருக்க. அதே நேரம், அந்த விபரம் வேறு எவர் கைக்கும் போகாது என்ற உறுதியை அரசாங்கங்களும் கொடுக்க வேண்டும். மக்கள் பயந்து ஒளித்தால் எந்த ஆயத்தமும் பயன்படாது.

ஆகவே எனது வேண்டுகோள் இதுதான். ஆபிரிக்காவுக்கோ இந்தியாவுக்கோ போய்வந்த பிறகு காய்ச்சல் வந்தால், எந்த நாட்டுக்குப் போனீர்கள் என்று டொக்டருக்கு நீங்களாகவே சொல்லுங்கள். அவர் கேட்க மறக்கலாம். ஒரு வகை மலேரியா ஈரலில் ஒளிந்திருந்து பல மாதம் கழித்தும் வரும். ஊரில் விரலை நீட்டச் சொன்னால் நீட்டுங்கள். கிணற்றை எட்டிப் பார்க்க வருகிறவருக்குப் படலையைத் திறந்து, ஒரு தேத்தண்ணியும் கொடுங்கள்.