ஒரு நூலகம், இரு வடிவங்கள்

பெங்களூர், புனே, ஐதராபாத் முதலிய நகரங்களில் மென்பொருள் தொழிலை மேற்கொண்டு வாழும் தமிழர் பலர். அத்தொழிலில் அடிக்கடி இடர் விளைவிக்கும் நுட்பம் ஒன்றினை இன்று ஆராய்வோம்.

மூல நிரல் ஒன்றே. அதிலிருந்து நாம் ஆக்குவனவோ இரண்டு. பிழை தேடுவதற்கென அமைவது டீபக் வடிவம்; பயன்படுத்துவோருக்கென விரைவு கூட்டி அமைப்பது ரிலீஸ் வடிவம். நிரல்கள் பொதுவில் நாடும் நூலகங்களும் இவ்வாறே இரு வடிவின.

இவை தம்முள் மாறினால் நேர்வது என்ன? மைக்ரோசாப்டின் விஷுவல் சி பிளஸ் பிளஸ் கருவியையே காண்போம். அதன் டீபக் நூலகம், தான் ஒதுக்கும் நினைவகத் துண்டு ஒவ்வொன்றின் முன்னும் தன் குறிப்பைச் சேர்த்து வைக்கும். அக்குறிப்பை அறியாத ரிலீஸ் நூலகம் அத்துண்டை விடுவிக்க முற்பட்டால் நிரல் நிலைகுலையும். 64 பிட் கணினியில் வெக்டர் என்னும் அமைப்பு ரிலீஸில் 24 பைட்டு. டீபக்கிலோ 32 பைட்டு. மேலும், டீபக் இயக்க நூலகத்தைப் பிறருக்கு வழங்க உரிமம் இல்லை. ஆதலின், நம் மேசையில் நன்கு ஓடிய நிரல், மருத்துவமனை ஒன்றின் கணினியில் தொடங்கவே மறுக்கலாம்.

இதற்குப் பரிகாரம் எளிது. நூலகத்தின் பாதையில் 'டீபக்' என்று நிலையாக எழுதாமல், கான்பிகரேஷன் என்னும் மாறியை அவ்விடத்தில் அமைத்தல் வேண்டும். வடிவம் மாறுந்தோறும் பாதையும் தானே மாறும். நூலகத்தின் மூலமும் நம்மிடமே இருப்பின், ஆக்கிய கோப்பைச் சுட்டாது அதன் திட்டத்தையே சுட்டுதல் இன்னும் நன்று. இறுதியாக, ஆக்கக் கருவிகள் ஏதும் இல்லாத கணினியொன்றில் நிரலை ஓட்டிப் பார்த்த பின்னரே பிறர் கையில் ஒப்படைப்போமாக.